டர்போவுக்கு உறை போடுகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குப் பாரம் அடிக்கும் லாரி ஓட்டுநர் நான். புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏறும்போது எஞ்சின் புகையின் சூடு 500, 600 டிகிரி செல்சியஸ் வரை போகும், அது அத்தனையும் டர்போவின் (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) டர்பைன் ஓட்டில் (புகை சுழற்றும் சக்கரத்தை மூடிய இரும்புக் கூடு) இறங்கி, பக்கத்து ஹோஸையும் ஒயரையும் வறுத்து, கேபினுக்குள்ளும் அனலடிக்கும். அதற்கு வெப்பக் காப்பு உறை நல்ல வழிதான். சூடு உள்ளேயே நிற்பதால் டர்பைனும் சீக்கிரம் வேகமெடுக்கும்.

ஆனால் போடுகிற விதம்தான் பயமாக இருக்கிறது. என் வண்டியில் ஒரு பட்டறையில் டர்போ முழுவதையும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றால் சுற்றிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் ஆயில் பைப் கசிந்து, கயிறு அதை உறிஞ்சி, தென்மலை தாண்டியதும் புகைந்தது. நல்ல வேளை, வண்டியில் தீயணைப்பான் இருந்தது.

உறை டர்பைன் ஓட்டுக்கு மட்டும்தான். நடுவில் பேரிங் இருக்கும் பகுதியையும் காற்றை அழுத்தும் பக்கத்தையும் மூடவே கூடாது. ஆயில் நனைந்த உறையை அன்றைக்கே கழற்றி எறியுங்கள். அப்புறம், மலை ஏறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள், இல்லாவிட்டால் பேரிங்கில் ஆயில் கருகிக் கரியாகிவிடும், உறை போட்ட டர்போ ஆறவும் நேரமாகும்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். அந்தக் கயிற்றை வெறுங்கையால் சுற்றுகிறவர்கள் பட்டறைப் பையன்கள். பட்டறைக்காரர்களே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர், செங்கோட்டை