அழுத்தினால் மட்டும் தசை விடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் உடல்வலிக் கட்டுரையில், அழுத்தம் கூடக்கூட இறுக்கம் விடும் என்று எழுதியிருந்தீர்கள். 19 வருடமாக மசாஜ் தொழிலில் இருக்கிறேன். இதை அப்படியே விட மனசு வரவில்லை.

முழங்காலுக்குக் கீழே டாக்டர் சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதறும், இல்லையா? தட்டியதும் தொடைத் தசை சட்டென்று நீள்கிறது. உள்ளே இருக்கும் உணர்வு இழைகள் தண்டுவடத்துக்குச் சேதி சொல்ல, 'சுருங்கு' என்ற பதில் அங்கிருந்தே வந்துவிடுகிறது. எல்லாம் ஒரு நொடியில் சுமார் 20-இல் ஒரு பங்கு நேரத்துக்குள். மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

போன மாதம் லோடு ஏற்றும் தம்பி ஒருவர் வந்தார். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் கட்டைவிரலால் ஒரே குத்து. கால் வெடுக்கென்று மடங்கியது. "பரவாயில்லண்ணே, நல்லா அழுத்துங்க" என்கிறார் அவர். கால் கேட்டால்தானே! வலித்தால் இழுத்துக்கொள்வதும் தண்டுவடத்தின் வேலைதான், அங்கே வீம்பு செல்லாது. உள்ளங்கையை முழுதாகப் பதித்து, அவர் மூச்சு விடுகிற நேரமாகப் பார்த்து மெதுவாக இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் அதே இடத்தில் கட்டைவிரல் தானாக உள்ளே போனது.

ராத்திரியில் 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்கிறோமே, இழுப்பது தசை. அப்போது பாதத்தை வலி வந்தவரையே மேல்நோக்கி மடக்கச் சொல்வேன். முன்பக்கத் தசை வேலை செய்தால், கெண்டைக்காலுக்குப் போகும் உத்தரவைத் தண்டுவடமே குறைத்துவிடும். எதிரெதிர்த் தசைகளின் இந்த ஏற்பாட்டை விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன் 1932-இல் நோபல் பரிசு பெற்றவர்.

இன்னொன்று. பிசையும்போது கெண்டைக்காலின் அனிச்சைச் செயல் தணிவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். கையை எடுத்ததும் அது பழையபடி திரும்பிவிடுகிறது. அதனால் 'ஒரே தடவையில் முடிச்சை உடைக்கிறேன்' என்பவர்களை நான் நம்புவதில்லை.

எனக்குப் பெரிய கவலை பக்கவாதம் வந்தவர்களைப் பற்றித்தான். அவர்களுக்கு மூளையின் கட்டுப்பாடு தளர்ந்து, தண்டுவடத்தின் பதில் அளவுக்கு மீறிப் போயிருக்கும். விறைத்த கையை எண்ணெய் போட்டு வேகமாக இழுத்தால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். வீட்டில் பிள்ளைகள் பாசத்தோடு செய்வதும் இதையேதான். ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, அடுத்த இதழில் இதைப் பற்றி விவரமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மசாஜ் தொழில் செய்யும் வாசகர்,
ஈரோடு.