ஆச்சியின் சுளகுக்கு ஒரு கும்பிடு

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

கயத்தாறு தாண்டி ஒரு டீக்கடை ஓரத்தில் லாரி நிற்கிறது. டிரைவர் அண்ணன் முகம் கழுவப் போயிருக்கிறார். மேலே தார்ப்பாய்க்குள் என் பந்தயக் கார் முழுசாக இருக்கிறது. முழுசாக என்று எழுதவே பயமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே லாரியிலிருந்து அது என்ன கோலத்தில் இறங்கியது என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அந்தச் சனிக்கிழமை பந்தயத் தடத்தில் நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. என் மாமனார் போனிலும் இருக்கிறது, அது தனிக் கதை.

நேற்று பந்தயத்தின் 10 சுற்றும் ஓடி முடித்தேன். 9ஆவது இடம். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். ஆக, 600 கிலோமீட்டருக்குப் பக்கம் சுமந்துகொண்டு போய், 37 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன். லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் நான். இந்தக் கணக்கை மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏற்ற முடியாது.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவேன், அப்புறம் எழுதின மாதிரிதான்.

முதலில் ஆச்சி.

திருநெல்வேலி பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு எதிர்வீடு. பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "எம் பேரெல்லாம் எதுக்குய்யா, என்ன கேசா நடக்கு?" என்று சொல்லிவிட்டாள். அதனால் ஆச்சி என்றே எழுதுகிறேன். தெருக்காரர்களுக்கு ஆள் தெரியும்.

நான்கு வருடமாக ஆச்சிக்கும் எனக்கும் ஆகாது. தப்பு முழுக்க என்மேல்தான். பந்தய வண்டியின் சைலன்சர் பேருக்குத்தான் சைலன்சர். ஸ்டார்ட் செய்தால் அவள் வீட்டுத் தகரம் அதிரும். வாரியலை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை சண்டைக்கு வந்திருக்கிறாள். ஒருமுறை தெருப் பெரியவர்களை வைத்துப் பேசி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று முடிவானது. அதையும் நான் பாதிதான் காப்பாற்றினேன். திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்து அவள் சுற்றிக்கொண்டிருந்தால், நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவது வழக்கம்.

போன புதன் ராத்திரி நடந்தது இது. வியாழன் விடிய 5 மணிக்கு லாரி. வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வேலை மட்டும் பாக்கி. அரைத்து மட்டம் பார்த்து வந்துவிட்டது. வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைத்து, காற்றும் புகையும் போகிற போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்தாகிவிட்டது. ஸ்பிரிங் மாட்டி, அதை வால்வோடு பிடித்து வைக்கிற லாக் போட வேண்டியதுதான். ஷெட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் மேசையை முற்றத்துக்குத் தூக்கிவந்தோம். அந்த முடிவை எடுத்த புத்திசாலி நானேதான்.

மாருதி எஸ்டீம் கார் இன்ஜின், 16 வால்வு. ஒரு வால்வுக்கு இரண்டு லாக், மொத்தம் 32. அரை வளையம் மாதிரி இருக்கும், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, வால்வுத் தண்டில் இருக்கிற காடியில் இரண்டையும் கிரீஸ் தொட்டு ஒட்டவைத்து, மெதுவாக விட வேண்டும். 15 வால்வு முடிந்தது. கடைசி வால்வில் அமுக்கிற கருவி வழுக்கியது. டிங் என்று ஒரு சத்தம். ஒரு லாக் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றைக் காணோம்.

ஒரு லாக்தானே என்று தோன்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 தடவை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3,500 தடவை திறந்து மூடும். ஒரு பக்க லாக் இல்லாத வால்வு அந்த வேகத்தில் கழன்று உள்ளே விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டன் அதை இடிக்கும். அப்புறம் ஹெட், பிஸ்டன், பிளாக் எல்லாவற்றையும் எடைக்குப் போட வேண்டியதுதான்.

மணி பத்தே முக்கால். எந்த ஸ்பேர் கடை திறந்திருக்கும்? டப்பாவில் பழைய லாக் ஒன்று கிடந்தது. வேறு இன்ஜினுடையது, காடியில் உட்காரவில்லை. நானும் பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேரும் போன் வெளிச்சத்தில் மண்ணைத் தடவினோம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்துப் பார்த்தேன். கிரைண்டர் தூளும் வெல்டிங் பொறியும் கருப்பு மணலும் அப்பி, காந்தம் கரடிக்குட்டி மாதிரி ஆனதுதான் மிச்சம். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சரி, இதுவும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன்.

"என்னலே தேடுதிய?"

சொன்னேன்.

"சோடி இருக்குல்லா, அதைக் காட்டு."

கிரீஸோடு இருந்த இன்னொரு லாக்கை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தாள், பீடித் தூளின் பதம் பார்ப்பது போல. திருப்பிக் கொடுத்தாள்.

"எவனும் காலை எடுக்கப்படாது. நின்ன எடத்துலயே நில்லுங்க."

உள்ளே போய்ச் சுளகும் வாரியலும் எடுத்து வந்தாள். அதே வாரியல்தான்.

நாங்கள் மேசைக்கடியிலேயே சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தோம். ஆச்சி மேசைப் பக்கம் வரவே இல்லை. கருவி எந்தப் பக்கம் வழுக்கியது என்று கேட்டாள். நேராக எதிர்ச் சுவருக்குப் போனாள். "தெறிச்ச சாமான் பக்கத்துல கெடக்காது. செவுத்துல பட்டு உருண்டிருக்கும்." சுவர் ஓரத்திலிருந்து சாண் சாணாகப் பெருக்கிக் கூட்டி, இரண்டு கை மண்ணாக அள்ளிச் சுளகில் போட்டுப் புடைத்தாள். தூசி முன்னால் பறந்தது, கனமானது அடியில் தங்கியது. அதை விரலால் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சாண். பார்த்த மண்ணைத் தனியாக ஒரு பக்கம் குவித்தாள், பார்க்காததோடு சேரவிடவில்லை. இன்ஜின் பிரிக்கும்போது கழற்றினதையும் கழற்றாததையும் கலக்காதே என்று பையன்களிடம் நான் நாள் முழுக்கக் கத்துகிறேன். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

புடைத்துக்கொண்டே பேசினாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாகச் சண்டை இல்லாத பேச்சு.

"இந்த வண்டிய ஓட்டிக்கிட்டு எங்கதான் போவ?"

"எங்கயும் போகாது ஆச்சி. சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான் வரும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தேரும் நாலு ரத வீதி சுத்தி நெலைக்குத்தானய்யா வருது" என்றாள்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு வடம் பிடித்து வளர்ந்தவன் நான். இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. என் மாமனாருக்கு நான் கொடுத்த எந்த விளக்கமும் இதற்குப் பக்கத்தில் வராது.

சுளகில் என்னென்னவோ கிடைத்தது. வாஷர்கள், ஒரு 25 பைசா, போன வருடம் தொலைத்துவிட்டு நான் வேறு வாங்கிய கார்புரேட்டர் ஜெட் ஒன்று. மணி 1.15 இருக்கும். "இந்தா" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போட்டுக் குதித்தது நாங்கள் மூன்று பேரும்தான். "எட்டு மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு பேசியிருக்கு" என்று அதற்கும் திட்டினாள்.

லாக்கைக் கழுவி, நகக்கீறல்கூட இல்லை என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போட்டேன். ஹெட்டைத் தூக்கிவைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக முறுக்கி, டைமிங் பெல்ட் மாட்டும்போது மணி மூன்று. எதிர்த் திண்ணையில் விளக்கு எரிந்தது. ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களோடு செலவழித்த நேரத்தில் மறுநாள் கணக்குக்கு 200 பீடி குறைகிறதாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் அவள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பது 31 லாக்கை வைத்துக்கொண்டு நின்ற என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். போய்ப் படுங்கள் ஆச்சி, நான் ஏதாவது தருகிறேன் என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"ஒனக்கு அஞ்சு மணி லாரி. எனக்கு ஒம்பது மணி கடை. சவத்தை விட்டுட்டு வேலையப் பாருலே."

அதற்கு மேல் என்ன பேசுவது?

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து ஹெட்டை அரைத்துக் கொடுத்த கோவில்பட்டி அண்ணாச்சிக்கு நன்றி. (அதற்கு முன்னால் ஒரு வாரம் வாங்கி வைத்திருந்துவிட்டுத் தொடாமலே திருப்பித் தந்த பட்டறைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.) திரும்புகிற லாரியில் டீசல் காசுக்கு மட்டும் இடம் கொடுத்த முதலாளிக்கும், நூறும் ஐந்நூறுமாக அனுப்பிய உங்கள் எல்லோருக்கும், வெயிலில் கொடியோடு நின்று பந்தயத்தில் பாதுகாப்பு பார்க்கிற டிராக் மார்ஷல்களுக்கும் நன்றி. மூன்று வாரத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை முதலில் என்னிடம் ஓடி வந்தவர்கள் மார்ஷல்கள்தான். பிரேக் ஆயிலை நான் சொல்லாமலே மாற்றி வைத்திருந்த பையனே, உனக்குத் தனியாக ஒன்று: அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து மிதி உள்ளே போய்விடும் என்று நான் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன். நீ மறக்கவில்லை. சனிக்கிழமை தன் பிரேக் பேடைக் கழற்றித் தந்துவிட்டு, ஞாயிறு என்னை முந்திப்போன கோயம்புத்தூர்க்காரருக்கு அரைக் கிலோ அல்வா கொடுத்தேன். நிஜ அல்வாதான், டவுனில் வாங்கியது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்த என் வீட்டுக்காரிக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டுவாள். பணத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்பாள்.

எழுத்தில் ஒன்று கொடுத்துவிடுகிறேன், நீங்கள் சாட்சி. டிராக்குக்குப் போகும்வரை மாட்டிக்கொள்ள வேறொரு சைலன்சர் இந்த வாரமே செய்கிறேன். எட்டு மணிக்கு மேல் தெருவில் இன்ஜின் ஓடாது. பாதி இல்லை, முழுசாக. இனி லாக் போடுவது ஷெட்டுக்குள்தான், மேசையைச் சுற்றிப் பழைய வேட்டியைக் கட்டிவிட்டு. முதல் வருடமே செய்திருக்க வேண்டியது.

டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். மணி ஏழரை. ஜெயித்தியா என்று ஆச்சி கேட்பாள், 9ஆவது என்றால் என்ன சொல்வாளோ தெரியாது. 9 மணிக்குப் பீடி ஒப்படைக்கக் கிளம்பிவிடுவாள், அதற்குள் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
பேட்டை ஷெட்டுக்காரன்