ஈஸ்ட் பாவம்மா, அத விட்டுடு

அம்மு,

நேத்து போன்ல "ஈஸ்ட்ட எல்லாம் தூக்கி போட்டுட்டேன்பா, இனிமே பிரெட்டே வேணாம்"னு நீ சொன்னப்ப பதில் சொல்றதுக்குள்ள உங்கம்மா போன புடுங்கிட்டா, அதான் எழுதறேன்.

மாவ உப்ப வைக்கிறது வயித்தையும் உப்ப வைக்கும்னு நீ நினைச்சிருப்ப. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஈஸ்ட் ஓவன் சூட்டுலயே செத்துடுதும்மா, அதுவுமில்லாம அது ஃபாட்மேப்பே கிடையாது, அதாவது உன் வயித்துக்காக நீ இப்ப ஒதுக்கி வச்சிருக்கியே, குடல்ல சரியா உறிஞ்சாம புளிச்சு கேஸாகுற கார்போஹைட்ரேட் வகைங்க, அதுல இது சேராது. உன்ன படுத்தறது கோதுமைல இருக்கிற ஃப்ரக்டான்ங்கிற ஃபாட்மேப். அத உடைக்கிற என்சைம் மனுஷங்க யாருக்குமே கிடையாது, நேரா பெருங்குடலுக்கு போயி அங்க பாக்டீரியா புளிக்க வச்சு கேஸாக்குது, மத்தவங்களுக்கு தெரியாம போயிடுது உனக்கு வலிக்குது, அவ்ளோதான். குளூட்டன் மேலயும் பழி போடாத, அது புரோட்டீன்.

சொல்லப்போனா ஈஸ்ட் உன் கட்சி! மாவு ஊறுற நேரத்துல ஃப்ரக்டான்ல ஒரு பங்க அதுவே தின்னுடுது, எவ்வளவு நேரம் ஊறுதோ அவ்வளவு குறையும். அவசர அவசரமா உப்ப வச்சு சுடுற பிரெட் ஒத்துக்காம, நிதானமா புளிக்க வச்ச சவர்டோ பிரெட் சில பேருக்கு ஒத்துக்கறது இதனாலதான். ஆனா நீ இப்ப ஃபாட்மேப் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கிற முதல் கட்டத்துல இருக்க, அந்த ரெண்டுலேர்ந்து ஆறு வாரம் முடியட்டும், கோதுமைல விளையாட வேணாம். அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், கொஞ்சம் இசப்கோல் போட்டு சுடு. அரை கிலோ மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட். மாவு தோசை மாவு மாதிரி தளதளன்னுதான் இருக்கும், பயந்துட்டு இன்னும் மாவு கொட்டாத. ஒரு தடவ உப்பினா போதும்.

ஈஸ்ட்டுக்கு தீனி சாதா சர்க்கரை ஒரு ஸ்பூன், தேன் வேணாம், அதுல ஃப்ரக்டோஸ் ஜாஸ்தி, அதுவும் ஃபாட்மேப்தான். தண்ணி வெதுவெதுன்னு, 40 டிகிரிய தாண்டக் கூடாது. நான் முதல் தடவ கொதிக்க கொதிக்க ஊத்தி ஒரு செங்கல் சுட்டேன், உங்கம்மா இன்னும் அத சொல்லி சிரிக்கிறா.

கடைல வாங்கினா குளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருக்கிறத மட்டும் பாத்து ஏமாறாத, பின்னாடி திருப்பி ஃபாட்மேப் இருக்கிற இன்யூலின், சிக்கரி வேர், தேன், ஆப்பிள் ஜூஸ், சோயா மாவு இருக்கான்னு பாரு. பூண்டு பிரெட் ஆசை வந்தா பூண்ட எண்ணெய்ல வதக்கி வெளிய எடுத்து தூக்கி போட்டுட்டு அந்த எண்ணெய மட்டும் தடவு, ஃப்ரக்டான் தண்ணில கரையும், எண்ணெய்ல இறங்காது.

ஆமா, நீ தூக்கி போட்டது பிரிக்காத பாக்கெட்டா? குப்பைய இன்னும் எடுத்துட்டு போகலைன்னா போய் எடுத்து வச்சுக்கோ.

அப்பா