மூன்று வாக்குகள்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்ட பிறகு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்வளவில் வெந்தயக்கீரை போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கோபத்தோடு கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, கடையில் ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் அது மனத்தில் கிடந்து உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன், ஆறுதலாக வாசி.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவேண்டுமா என்று கேட்ட பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு 2026 ஜூன் 23ஆம் திகதியோடு பத்து ஆண்டுகள். "அதைத் துக்க நாளாகத்தான் நினைக்கவேண்டும், பொய் சொல்லி வென்ற வாக்கெடுப்புக்கு என்ன மரியாதை?" என்று கேட்டாய். மறுபக்கம் நிற்பவர்களுக்கோ அது சுதந்திர தினம். முடிவு தெரிந்த அன்று அதிகாலையிலேயே, வெளியேறுவதற்காகப் பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். இந்த நாட்டில் இத்தனை காலம் நடந்த சண்டையே இதுதான். அந்த முடிவை மதிப்பது என்றால் என்ன செய்வது? கொண்டாடுவதா, நிறைவேற்றுவதா, மக்களிடம் திரும்பப் போய்க் கேட்பதா? எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அது உனக்குப் பிடிக்காது என்றும் தெரியும்.

நீ சொன்னதில் பாதி சரி. வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பஸ்ஸில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். அந்தக் கணக்கு மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிவர அதிகாரசபையே சொன்னது. வாக்குரிமை கொடுத்த விதமும் அநியாயம். எங்கள் கடையில் பகுதி நேரம் நின்ற மாணவன் இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமகன் என்பதால் போய்ப் புள்ளடி இட்டுவிட்டு வந்தான். ஒல்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்த எங்களுக்கு, நீ படித்து வளர்ந்த ஊரிலேயே, வாக்கு இல்லை. அன்று நீ சாப்பிடாமல் அறைக்குள் இருந்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் வெளியேறவேண்டும் என்று புள்ளடி இட்டவர்கள் 174 இலட்சம் பேர். 51.9 வீதம். அத்தனை பேரும் ஏமாந்தவர்கள், இல்லாவிட்டால் கெட்டவர்கள் என்று நீ சொல்லும்போது என்னால் தலையாட்ட முடியவில்லை. லண்டன் முழுவதையும் எடுத்தால் ஏறத்தாழ 60 வீதம் இருக்கவேண்டும் என்றார்கள். எங்கள் கடை இருக்கும் ஹில்லிங்டனில் 56 வீதம் போகவேண்டும் என்றார்கள். அவர்களுக்குத்தான் நான் காலையில் பத்திரிகையும் பாலும் விற்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் வருவாரே, உனக்கு நத்தாருக்குச் சொக்லேட் தருபவர், அவர் 1975இல் நடந்த வாக்கெடுப்பில் ஐரோப்பாவோடு இருப்போம் என்று வாக்களித்தவர். அப்போது 67 வீதம் அப்படித்தான் சொன்னார்கள். "அதற்குப் பிறகு நாற்பது வருடம் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை" என்றார். அவருடைய கோபத்துக்கும் அந்தச் சிவப்புப் பஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

வென்றவர்கள் அந்த வாக்குக்குச் செய்த மரியாதையை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரியும்போது பிக் பென் மணி அடிக்கவேண்டும் என்று ஒரு பெரிய வாதம் நடந்ததே! கோபுரம் 2017இலிருந்து திருத்த வேலையில் இருந்தது. ஓர் இரவு மணி அடிக்க ஐந்து இலட்சம் பவுண் வரை செலவாகும் என்றார்கள். பிரதமர் ஜோன்சனே தொலைக்காட்சியில் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்க, சனங்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்குக் கிட்டச் சேர்த்தும் கொடுத்தார்கள். பாராளுமன்ற நிர்வாகம் மறுத்துவிட்டது. பணம் காயமடைந்த படையினருக்கான தொண்டு நிறுவனத்துக்குப் போனது. கடைசியில் பிரதமரின் வீட்டுச் சுவரில் ஒளியால் மணிக்கூடு காட்டினார்கள், சதுக்கத்தில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். அதே வாரம் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் ஐரோப்பியக் கொடியை இறக்குவதில்லை என்று வாக்களித்தது. அங்கே 62 வீதம் பேர் இருக்கவேண்டும் என்று சொன்னவர்கள். ஒரு நாடு இப்படியா தன் பெரிய முடிவைக் குறித்துக்கொள்ளும்?

பிறகு அந்த 50 பென்ஸ் நாணயம். "எல்லா நாடுகளோடும் சமாதானம், செழிப்பு, நட்பு" என்ற பொருளில் எழுதி, கீழே திகதி போட்டிருந்தார்கள். அதற்கு முன்பு ஒக்டோபர் 31 என்று திகதியிட்டு அடித்தவற்றை, அந்த நாளில் பிரிய முடியாமல் போனதால் உருக்கினார்கள். பெப்ரவரியில் எங்கள் கல்லாவுக்கும் அது வந்தது. மீதிப் பணமாக ஒருவருக்குக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், மேசையில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளினார், இரண்டு இருபதும் ஒரு பத்துமாகத் தாருங்கள் என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்மணி ஒருத்தி அதைக் கண்டுவிட்டு, அந்தக் காசை எனக்குத் தாருங்கள், பேரனுக்கு வைத்திருக்கப்போகிறேன் என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் பல வருடம் எங்கள் கடைக்கு வருபவர்கள், ஒரே தெரு. அன்று முகம் கொடுத்துக் கதைக்காமலே போனார்கள். நட்பு என்று எழுதிய காசு செய்த வேலை அது.

பிரெக்ஸிட்டுக்காக விழாவும் நடத்தினார்கள். அப்போதைய பிரதமர் தெரேசா மே 2018இல் அறிவித்தது. 120 மில்லியன் பவுண். 2022இல் நடந்தபோது அதன் பெயரில் பிரெக்ஸிட் இல்லை, எதற்காக நடக்கிறது என்று போனவர்களுக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான் சொல்லவந்த விஷயம். எனக்கு இது இரண்டாவது சர்வஜன வாக்கெடுப்பு. முதலாவது இலங்கையில், 1982 டிசம்பர் 22. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 1977இல் 168 ஆசனங்களில் 140ஐ வென்றிருந்தது. பொதுத்தேர்தல் வைத்தால் அந்தப் பலம் கரைந்துவிடும் என்று, அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்று மக்களிடம் கேட்டார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். உன் அப்பம்மா விடிய எழுந்து தோய்ந்து, கோயிலுக்குப் போவதுபோல் வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு வாக்குப் போடப் போனாள். திரும்பி வந்து, "குடத்துக்குத்தான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 91 வீதம் குடத்துக்கு. நாடு முழுவதும் விளக்குக்கு 54.66 வீதம்.

அந்த முடிவை அரசாங்கம் எப்படி மதித்தது தெரியுமா? 45 வீதத்தினர் இல்லாததுபோல் நடந்துகொண்டது. தெற்கில் தான் தோற்ற சில தொகுதிகளில் மட்டும் அடுத்த மே மாதம் இடைத்தேர்தல் வைத்தது. ஜூலையில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அது கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். வாக்கெடுப்பு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்குச் சற்று மேலே வென்றவர்கள் முழுவதையும் வென்றுவிட்டதாக நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒல்லாந்தில் வந்து இறங்கினேன். பிரித்தானியாவை இலங்கையோடு சமப்படுத்தவில்லை. இங்கே நீதிமன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, தேர்தல் தவறாமல் வருகிறது. இருந்தும் 2016 ஜூன் 16, வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜோ கொக்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினரை ஒருவன் தெருவில் வைத்துக் கொன்றான். அன்று எனக்குக் கை நடுங்கியது.

அதனால்தான் 2019 ஏப்ரல் 1 எனக்கு ஜூன் 23ஐவிடப் பெரிய நாள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, மீண்டும் வாக்கெடுப்பு கேட்ட மார்ச் 23 ஊர்வலத்துக்கு நீ போனாய். அம்மா முட்டை ரொட்டி சுற்றித் தந்துவிட்டாள். பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த வெளியேறும் உடன்படிக்கை ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றிருந்தது. மார்ச் 27இல் எட்டு யோசனைகளைப் பாராளுமன்றத்தில் வைத்தார்கள், ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் 1இல் திரும்ப நான்கை வைத்தார்கள். அதில் ஒன்று கென் கிளார்க் கொண்டுவந்தது: ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம், ஆனால் எல்லையில் ஒருவருக்கொருவர் சுங்கவரி போடாத சுங்க ஒன்றியத்தில் இருப்போம். வாழ்நாள் முழுவதும் ஐரோப்பாவுக்காக வாதாடிய மனிதர், தோற்ற பக்கத்தவர், வென்றவர்களின் முடிவை ஏற்றுக்கொண்டு, அதில் தோற்றவர்களுக்கும் ஒரு பங்கு கேட்டார். 52க்கும் 48க்கும் பொருந்திய மரியாதை அதுதான் என்று நான் நம்புகிறேன். 273 பேர் ஆதரவு, 276 பேர் எதிர்ப்பு. மூன்று வாக்கு!

எதிர்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் முழுதாகப் பிரியவேண்டும் என்றவர்கள். ஆனால் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்று உன்னோடு தெருவில் நின்ற கட்சிகளிலும் சிலர் எதிர்த்தார்கள், பலர் வாக்களிக்காமல் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எல்லாவற்றையுமே மீட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். அவர்களில் ஒரு சிலர் அன்று கைகொடுத்திருந்தால், அடுத்து வந்தவர்கள் பிரித்தானியாவுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் சுங்கக் கோடு போடும் நிலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். அம்மா உனக்கு மிளகாய்த்தூள் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் நான் தபாலகத்தில் சுங்கப் படிவம் நிரப்புகிறேன். அப்போதெல்லாம் அந்த மூன்று வாக்கு ஞாபகம் வருகிறது. உன் கோபம் முழுவதும் ஜோன்சன் மேல் இருக்கிறது. அதில் ஒரு பங்கு இவர்களுக்கும் போகவேண்டும்.

வாக்கெடுப்பே கூடாது என்றும் நீ சொன்னாய். நீ இப்போது இருக்கும் ஒல்லாந்தில் அதைத்தான் செய்தார்கள். 2016 ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு செய்த உடன்படிக்கை வேண்டாம் என்று வாக்கெடுப்பில் 61 வீதம் சொன்னார்கள். வந்து வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பது உண்மை. அப்போதைய பிரதமர் ருட்டேயின் அரசாங்கம் ஒரு விளக்கப் பத்திரத்தை இணைத்துக்கொண்டு உடன்படிக்கையை அப்படியே நிறைவேற்றியது. 2018இல் அந்த ஆலோசனை வாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். பிடிக்காத பதில் வந்ததும் கேட்கும் வாசலை மூடுவதை நான் மரியாதை என்று ஏற்கமாட்டேன். அந்த பஸ் சாரதியின் குறை அங்கேயும் யாரோ ஒருவருக்கு இருக்கும்.

ஜூன் 23 அன்று என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்டால், கொடியும் வேண்டாம், கறுப்புப் பட்டியும் வேண்டாம். அந்த நாளில் பாராளுமன்றம் கூடி ஒரு கணக்கு வைக்கட்டும். சொன்னது என்ன, கிடைத்தது என்ன, போனது என்ன; மீனவருக்கு என்ன, வட அயர்லாந்துக்கு என்ன, கைப்பேசியில் கடவுச்சீட்டைப் படம் பிடித்து வதிவிட உரிமை கேட்ட எங்களைப் போன்றவர்களுக்கு என்ன. இரு பக்கத்தாரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் மறுபக்கம் வாசிக்காது. ஜோ கொக்ஸின் பெயரில் ஒவ்வொரு ஜூனிலும் அயலவர்கள் கூடி உண்ணும் நிகழ்வு அதே நாட்களில்தான் வருகிறது. எங்கள் தெருவிலும் வைத்தால் அம்மா வடை சுட்டுக்கொண்டு போகத் தயார். நாணயத்தைத் தள்ளியவரையும் வாங்கியவளையும் நானே போய்க் கூப்பிடுவேன்.

நீ இதற்குப் பதில் எழுதவேண்டும், தொலைபேசியில் வேண்டாம். நீ அன்று பாராளுமன்றத்தில் இருந்திருந்தால் கிளார்க்குக்கு வாக்களித்திருப்பாயா? இல்லை என்றால் ஏன் என்று எழுது, நான் கேட்கிறேன். "அப்பாவுக்கு இது விளங்காது" என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அப்பா