ராக்கிராக்கி அம்மாவுக்கு நன்றி

ஃபிஜியின் ராக்கிராக்கி ஊரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மாவுக்குத்தான் இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்றார். சரி, போடவில்லை.

2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் விட்டி லெவு தீவின் வடக்குப் பக்கத்தைத் தாக்கியது. ஐந்தாம் வகைப் புயல், அதாவது மிகக் கடுமையான வகை. எங்கள் வாடகை வீட்டுத் தகரக் கூரை பிய்ந்ததும் அவர் டார்ச்சோடு ஓடிவந்து, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கான்கிரீட் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே ஏற்கெனவே உறவினர் கூட்டம். பிள்ளைகளுக்குக் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கொடுத்தார்.

அப்புறம் வந்த வாரங்கள்தான் ரொம்பக் கஷ்டம். கரண்ட் இல்லை, தோட்டங்கள் எல்லாம் நாசம். சாய்ந்த மரவள்ளியை அழுகும் முன்னே பிடுங்கி அவிப்பார். நாங்கள் சைவம் என்பதால் டின் மீன் சேர்க்காமல், விழுந்து கிடந்த தேங்காயில் பால் எடுத்து எங்களுக்குத் தனியாக ஊற்றித் தருவார். நிவாரண அரிசிப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை என்றதும், தன் மூட்டையைப் பிரித்துப் பாதியை அளந்து போட்டார். கடன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வினாகா வகலேவு (ஃபிஜி மொழியில் ‘மிக்க நன்றி’), அம்மா. பிள்ளைகள் உங்களைத் தினமும் கேட்கிறார்கள். அடுத்த லீவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம்.