மார்தி மத்தியானம் ரெண்டு மணி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பின்கட்டு ஓடு மழைக்கு மறுபடி ஒழுகுது, அது கெடக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வெளியில போனா காதை மூடிக்கோ.

போன்ல பேசினா "வேலையா இருக்கேன்பா"ன்னு வச்சிடுற. அதான் எழுதுறேன்.

ஐப்பசியில பாரீஸுக்கு வந்தப்போ நீ கூட்டிட்டுப் போன லுக்ஸோர் தியேட்டரைப் பத்தித்தான் டீக்கடையில ஓயாம சொல்லிக்கிட்டிருக்கேன். லா ஷப்பேல்ல மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, தமிழ்க் கடையில முருங்கைக்காய் வாங்கி, ஒரே ஸ்டேஷன் தள்ளி பார்பெஸ்ல இறங்கினோமே. மேல ரயில் தடதடன்னு போகுது, தெருமுனையில எகிப்து கோயிலாட்டம் ஒரு கட்டடம், நீலமும் பொன்னுமா சில்லு பதிச்சு. பிரெஞ்சுப் பட்டாளம் முடிஞ்சு பாரீஸ்லயே இருந்துட்டு வந்த நம்ம சொல்தா, "அது டான்ஸ் ஆடுற இடமாச்சே"ங்கிறார். அவர் சொல்றதும் பொய்யில்ல. 1921-ல திறந்தது, 1983-ல சினிமா நின்னு போச்சு, கொஞ்ச நாள் டான்ஸ், அப்புறம் பூட்டு, 2003-ல நகராட்சி வாங்கி 2013-ல மறுபடி படம் ஓட்டினாங்கன்னு நீதானே சொன்னே. மூடுறதுக்கு முன்னாடி இந்திப் படம், அரபுப் படமெல்லாம் ஓடிச்சாமே. நான் படம் ஓட்டின நம்ம தியேட்டரை யார் வாங்கினா? கல்யாண மண்டபமாச்சு.

உள்ள உக்காந்து நீ படத்தைப் பார்த்தே. நான் வலதுபக்க மேல்மூலையையே பார்த்துக்கிட்டிருந்தேன். 2000 அடி ரீலுக்கு 22 நிமிஷம். முடியப் போகும்போது மூலையில வட்டமா ஒரு குறி மின்னும், அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும். ரெண்டாவது குறிக்கு மாத்திடணும். இப்ப ரீலும் இல்ல குறியும் இல்ல, கண்ணு மட்டும் அங்கதான் போகுது.

குளிருதுன்னு உன் கோட்டைக் குடுத்தியே, அதோட பையில டிக்கெட்டுங்க இருந்துச்சு. ஒண்ணு ரெண்டில்ல. நான் ஒண்ணும் படிக்கல, கண்ணாடிகூடப் போடல. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் படிச்ச தோஷம், மார்தி, அதான் செவ்வாக்கிழமை, அது மட்டும் தெரிஞ்சுது. மத்தியானம் ரெண்டு மணின்னு போட்டிருந்துச்சு. அங்கெல்லாம் ஆபீஸ்ல லீவு ஜாஸ்தின்னு சொல்வாங்க.

ஒண்ணாந் தேதின்னா பணம் வந்திடுது. எம்புள்ள ஒரு மாசம் தவறினதில்லன்னு மாப்பிள்ளைகிட்ட பெருமையாத்தான் சொன்னேன். ஆனா கொஞ்ச நாளைக்கு அனுப்பாதே. எங்களுக்கு என்ன செலவு? நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கே, இதையாவது கேளு. நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு ஒண்ணு தெரியாது. நீ ஒன்பதாவது படிக்கும்போது தியேட்டரை மூடினாங்கல்ல, நான் வீட்டுல சொன்னதுக்கு நாலு மாசம் முன்னாடியே மூடிட்டாங்க. தினம் சாயங்காலம் டிபன் டப்பாவோட கிளம்பி, பீச் ரோட்டுல துய்ப்ளே சிலைக்கு எதிர்க்கப் பாறாங்கல்லு மேல உக்காந்திருப்பேன். தோசையில பாதி நாய்க்கு. செகண்ட் ஷோ விடுற நேரம் கணக்குப் பண்ணி வீட்டுக்கு வருவேன். "இன்னிக்குக் கூட்டமாப்பா?"ன்னு நீ தூக்கத்துல கேப்பே. "ஹவுஸ்ஃபுல்"னு சொல்வேன். வட்டிக்கு வாங்கி, ஒண்ணாந் தேதி சம்பளம்னு அம்மா கையில குடுத்தேன். அந்தக் கடனை அடைக்கிறதுக்குள்ள உன் அக்கா கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சு. ஜாதகம் சரியில்லன்னு சொன்னேன். அவ ஜாதகத்துல ஒரு குறையும் இல்ல.

அம்மாவுக்குத் தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். மார்கழியில ஒருநாள் டப்பாவைக் கையில குடுத்து, "பனி ஜாஸ்தியா இருக்கு, துண்டை எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னா. கார்பன் விளக்குச் சூட்டுல வேகுற ஆபரேட்டர் ரூமுக்குள்ள பனி எங்கேர்ந்துடா வரும்?

அம்மாகிட்ட டிக்கெட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அவளும் ஒண்ணும் கேக்கல. பின்கட்டு ஓட்டை நாளைக்கே மாத்த ஆள் வரச் சொல்லிட்டேன். அந்த ரூம் காலியாத்தான் இருக்கு.

காதை மூடிக்கோ.

அப்பா