முதலில் கையில் பிடித்துப் பார்

ஹூஸ்டன்
ஞாயிறு இரவு

டேய் சேகர்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பல்லில் கம்பி கட்டியாச்சு, என் பையில் ஓட்டை விழுந்தாச்சு. நம் சிநேகிதன் ஜெர்மன் அதே கம்பெனியில், அதே கட்டம் போட்ட சட்டையில் இருக்கிறான். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கவலைப்பட்டேன். நியூஜெர்சி எடிசனில் இருந்தவரை பக்கத்து வீட்டு நாயைக் கண்டே ஒதுங்கிப் போனவன் நீ. டெக்சஸ் மண்ணை மிதித்ததும், தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு என்றதும், கிளாக் 19 கைத்துப்பாக்கி வேண்டும் என்கிறாய். சரி, அது உன் உரிமை. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கிறாயே: வெளிக் கம்பெனி ட்ரிகர் (சுடும் விசை), லேசான ஸ்பிரிங், தங்க நிறக் குழல், மேகசின் (தோட்டா அடுக்கு) செருக அகல வாய், பிடியில் சூடுகோல் வைத்துச் சொரசொரப்பு. கூட்டிப் பார்த்தேன், துப்பாக்கி விலையைத் தாண்டிவிட்டது. டேய், நீ துப்பாக்கி வாங்குகிறாயா, ஆயுத பூஜைக்கு ஜோடிக்கிறாயா?

யூடியூப்பில் எவனோ சொன்னான் என்று தெரிகிறது. அவன் போட்டிக்குச் சுடுகிறவன். வருஷம் முழுக்கச் சுட்டு, தன் துப்பாக்கியைத் தானே பிரித்துப் பூட்டுகிறவன். நீ இதுவரை சுட்டது தீபாவளிக் கேப் மட்டும்தான். அதிலும் விடுதி மாடியில் நடந்ததை நான் எழுத மாட்டேன், உன் பெண்டாட்டி மைதிலி இந்தக் கடிதத்தைப் படிப்பாள்.

'பிளாஸ்டிக் தாங்குமா' என்று கேட்டிருந்தாய். தாங்கும். பிளாஸ்டிக் என்பது முக்கியமாகக் கீழ்ப்பாகமான பிரேம்தான். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் குழலும் எஃகு. ஸ்லைடு ஓடுகிற தண்டவாளத் துண்டுகளும் எஃகுதான், பாலிமர் என்கிற அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பதித்திருப்பார்கள். ஹெக்லர் கோக் என்ற ஜெர்மன் கம்பெனி 1970லேயே விபி70 என்று ஒன்று கொண்டுவந்தது, அதன் ட்ரிகர் இழுக்க முடியாத கனம், எடுபடவில்லை. அப்புறம் வந்தவர்தான் ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் கிளாக். திரைச்சீலைக் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி என்று செய்துகொண்டிருந்தவர். கைத்துப்பாக்கி செய்து பழக்கமே இல்லாதவர். ஆஸ்திரிய ராணுவத்துக்குப் புதுப் பிஸ்டல் தேவை என்று தெரிந்ததும் விவரம் தெரிந்தவர்களை உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டு, ஒன்றைச் செய்தார். 1982ல் ராணுவம் அதையே எடுத்துக்கொண்டது. அதுதான் கிளாக் 17. நீ கேட்கிற 19 அதன் தம்பி, 15 தோட்டா பிடிக்கும். அந்த நாளில் இங்கே பத்திரிகைகளெல்லாம் 'விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாத துப்பாக்கி' என்று அலறின. எடையில் பெரும்பகுதி எஃகாக இருக்கும்போது எப்படித் தெரியாமல் போகும்?

இந்தக் கதை எதற்கென்றால், அது சிப்பாய்க்காகச் செய்த பொருள். சேற்றில் விழும், துடைக்க நேரமிருக்காது, கையில் எடுப்பவன் பெரிய சூரனாகவும் இருக்க மாட்டான். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ட்ரிகரை இழுக்க ஏறக்குறைய 2.5 கிலோ அழுத்தம் வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கனம் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைத் தட்டுகிற ஊசி) ஸ்பிரிங்கோடும் உள்ளே இருக்கிற பாதுகாப்புகளோடும் சேர்த்துக் கணக்குப் போட்டது. நீ ஸ்பிரிங்கை லேசாக்கினால் விரலுக்குச் சுகம். ஆனால் ஸ்ட்ரைக்கர் போய், தோட்டாவின் அடியில் இருக்கிற, அடித்தால் பற்றுகிற பிரைமரை அடிக்கிற அடியும் லேசாகும். கெட்டியான பிரைமர் உள்ள தோட்டா வந்தால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. நான் சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் ஒரு மனிதர் இப்படித்தான், துப்பாக்கி முழுக்க மாற்றி வைத்துக்கொண்டு, நாலுக்கு ஒன்று வெடிக்காமல் தோட்டாவைத் திட்டிக்கொண்டிருப்பார். பேப்பரைச் சுடும்போது அது சிரிப்பு. நீ எதற்கு வாங்குகிறாயோ அந்த ராத்திரியில் சிரிப்பு இல்லை.

கனத்தைக் கூட்டினாலும் தொல்லைதான் தெரியுமா? நியூயார்க் போலீஸ் ரிவால்வரை விட்டு இந்த மாதிரிப் பிஸ்டலுக்கு மாறியபோது, தவறிச் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் 12 பவுண்டு ட்ரிகர் போட்டார்கள், அதாவது 5 கிலோவுக்கு மேல். அவ்வளவு கனத்தை இழுக்கும்போது குறி ஆடாமல் இருக்குமா? 2012ல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனைச் சுட்டபோது, வழியில் போன 9 பேர் காயப்பட்டார்கள். ஒன்பது பேரும் போலீஸ் தோட்டாவாலோ அதன் சிதறலாலோ. காரணம் ட்ரிகர் மட்டும் என்று நான் சொல்லவில்லை, கூட்டம், பதற்றம் எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த ட்ரிகரைப் பற்றிய பேச்சு அப்போது பலமாக எழுந்தது.

ஆக, மாற்றத் தோன்றாத துப்பாக்கியாகப் பார்த்து வாங்கு. அதற்கு ஒரே வழி, கையில் பிடித்துச் சுட்டுப் பார்ப்பது. கிளாக்கின் பிடி மற்றவற்றைவிடக் கொஞ்சம் சாய்வு. சிலருக்குக் கையை நீட்டியதும் முனை மேலே பார்க்கும். உனக்கு அப்படி இருந்தால், எவ்வளவு பெயர் பெற்றதானாலும் விட்டுவிடு. உன் குட்டை விரலுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுக்கப்போவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0, காம்பாக்ட். 2005ல் முதல் எம் அண்ட் பி வந்தபோது அதன் ட்ரிகரைப் பலபேர் குறை சொல்லி, வாங்கிய கையோடு வெளி ட்ரிகர் போட்டார்கள். 2017ல் 2.0 வந்தபிறகு அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது. பிடியின் பின்புறத்துக்கு நாலு அளவு துண்டுகள் பெட்டியிலேயே வரும், உள்ளங்கைக்கு ஏற்றதை மாட்டிக்கொள்ளலாம். பிடியும் ஏற்கெனவே சொரசொரப்பு, சூடுகோலைத் தூக்கிப் போடு. நீ பயப்படுகிற மாதிரி கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) உள்ளதும் கிடைக்கும். இன்னொன்று எனக்குப் பிடித்தது: கிளாக்கைப் பிரித்துத் துடைக்க முதலில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். காலி என்று நினைத்து அழுத்தி, சுவரில் ஓட்டை போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எம் அண்ட் பியில் உள்ளே ஒரு சின்ன நெம்புகோலை இறக்கிவிட்டால் ட்ரிகரைத் தொடாமலே பிரிக்கலாம்.

வால்தர் பிடிபியையும் சுட்டுப் பார். 2021ல் வந்தது. ஆலையிலிருந்து வரும் ட்ரிகர்களில் என் விரலுக்கு அதுதான் முதல். விலை கொஞ்சம் கூட. சிஸாட் பி-10 சியும் நல்லதுதான். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) வேண்டும் என்றால் அதற்கென்று ஸ்லைடில் இடம் வெட்டி விற்கிற மாடலாகவே எடு, அது மாற்றம் ஆகாது. கிளாக்கே வாங்கினாலும் ஒன்றை மட்டும் அனுமதிக்கிறேன்: கூட வரும், குறிபார்க்கிற பிளாஸ்டிக் சைட்டைக் கழற்றிவிட்டு நல்ல எஃகு சைட், இருட்டில் ஒளிர்வது, போட்டுக்கொள். அதோடு நிறுத்து.

முதல் நாள் உனக்கு ஜாம் ஆகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'பார், டிஃபெக்ட் பீஸ்' என்று கத்துவாய். பாலிமர் பிஸ்டல் லேசானது. ஸ்லைடு முழுசாகப் பின்னால் போய்வர, உன் மணிக்கட்டு அசையாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். கை தொளதொளவென்று இருந்தால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். அதற்கு மருந்து கடையில் இல்லை. ட்ரிகருக்கு வைத்திருந்த பணத்தில் 9 மிமீ பயிற்சித் தோட்டாவும் ஒரு நல்ல ஆசிரியரிடம் வகுப்பும் வாங்கு. எஃப்பிஐயே அதைவிடப் பெரிய .40 தோட்டாவை விட்டு 9 மிமீக்குத் திரும்பியாச்சு, நீ கவுபாய் மாதிரி .45 கேட்காதே.

இப்போது நான் தயங்கித் தயங்கி எழுதுகிற பகுதி.

உன் வீட்டுச் சுவர் நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை, ஜிப்சம் பலகை. உன் படுக்கையறை வாசலிலிருந்து மாடிப்படியை நோக்கிச் சுட்டால் அதற்கு அப்பால் யார் அறை? பையன் அறை. வீட்டுக்காக என்று விற்கிற, முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாகூட அந்தப் பலகையைத் துளைத்துக்கொண்டு போகும். வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள் நடந்து, எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று பார்த்துவை.

பையனுக்கு 15. டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுத்துவிடும்படி தோட்டா போட்ட துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்திருந்தால் குற்றம். சட்டத்தை விடு. அவன் சிநேகிதர்கள் வருவார்கள், அலமாரியைத் திறப்பார்கள். நாம் அந்த வயதில் எந்த அலமாரியை விட்டோம்?

அப்புறம் உன் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர். உன் அம்மா போனதிலிருந்து மாமா சரியாகப் பேசுவதில்லை, ராத்திரியில் எழுந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார் என்று நீயேதான் எழுதியிருந்தாய். கடிதத்தின் அதே பக்கத்தில், கீழே துப்பாக்கிப் பட்டியல். உனக்கு உறுத்தவில்லையா சேகர்? இந்த நாட்டில் 2021ல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000க்கு மேல். அதில் 26,000க்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனால் செத்தவர்கள் இல்லை. நம் பிரின்ஸ் விஷயத்துக்கு அப்புறம் உனக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வாங்காதே என்று சொல்லவில்லை. மாமா தேறுகிற வரைக்கும் தள்ளிப்போடு என்கிறேன். அவரை டாக்டரிடம் கூட்டிப்போ, நம் ஆட்கள் மாலையில் கூடுகிற பார்க்குக்குக் கூட்டிப்போ. திருட்டுப் பயத்துக்கு இப்போதைக்குக் கதவுக்கு நல்ல பூட்டு, அலாரம், வாசலில் கேமரா, பின்பக்கம் விளக்கு போடு. அப்புறம் வாங்கினாலும் சுவரில் போல்ட் போட்டு முறுக்கிய பெட்டகம் முதலில், துப்பாக்கி அடுத்து. அதன் எண் உனக்கும் மைதிலிக்கும் மட்டும். கட்டிலுக்கு அடியில், துணிக்கு நடுவில் என்று மறைத்துவைக்கிற யோசனையெல்லாம் என்னிடம் சொல்லாதே, கேட்டாலே கோபம் வரும்.

நீண்ட வார விடுமுறையில் இங்கே வாருங்கள். எங்கள் ரேஞ்சில் நான் சொன்ன நாலும் வாடகைக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா சுடு. மைதிலியும் சுடட்டும். அவளால் ஸ்லைடை இழுக்க முடியாத துப்பாக்கி உன் வீட்டுக்கு ஆகாது. மாமாவையும் அழைத்து வா, ரேஞ்சுக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கு. என் மாமனாருக்குச் சீட்டாட ஆள் இல்லாமல் எங்களைப் படுத்தி எடுக்கிறார்.

உன்
பாலு

பி.கு: உன் மச்சான் எச்-1பி வேலை விசாவில் உங்கள் வீட்டில்தானே இருக்கிறான்? விசாவில் இருப்பவன் துப்பாக்கி வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. வேட்டை உரிமம் மாதிரிச் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். உனக்குப் பச்சை அட்டை இருக்கிறது, கடையில் 4473 என்கிற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்தால் வாங்கலாம். அவனுக்கு அப்படி இல்லை. பெட்டக எண் அவனுக்கும் தெரியக் கூடாது, ரேஞ்சுக்கு வந்தாலும் அவன் வெளியே காபி குடித்துக்கொண்டு உட்காரட்டும்.